டேங்க் பெரிதாக இருக்கட்டும்

எங்கள் வீட்டில் கரெண்ட் போனால் யாரும் விளக்கையோ மின்விசிறியையோ நினைப்பதில்லை. பின்னறையில் அக்காவின் மிஷின் கீச்சென்று கத்தத் தொடங்கும். அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக அவள் மூக்குக்கு அனுப்பும் மிஷின் அது. அவளுக்கு நுரையீரல் இறுகிப்போய்விட்டது. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் குழாய் மூக்கில் இருந்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே கரெண்ட் என்பது எங்களுக்கு வேறு பொருள்.

பாவா, அதாவது அக்காவின் கணவர், பொதட்டூர்பேட்டையில் தறிக் கொட்டகை, பவர்லூம் செட், வைத்திருந்தவர். கல்யாணமான நாளிலிருந்து அக்காவும் அந்த செட்டில் நின்று வேலை செய்தவள். பறக்கிற பஞ்சுத் தூசியால்தான் நோய் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. பாவா மட்டும் அப்படித்தான் நம்பினார். செட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று அக்காவை அழைத்துக்கொண்டு திருத்தணிக்கே வந்துவிட்டார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருந்த என் வீட்டில் மூன்று பேர் ஆனோம். முன்பக்கம் கடைக்காகக் கட்டி, யாரும் வாடகைக்கு வராமல் பூட்டிக் கிடந்த ஷட்டர் அறை ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் கூடம், அதற்கும் பின்னால் அக்காவின் அறை. வீடு அவ்வளவுதான்.

விரலில் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை பாவா எந்நேரமும் சட்டைப் பையில் வைத்திருப்பார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அது எண்ணில் காட்டும். காலையில் காபி கொடுப்பதற்கு முன் அக்காவின் விரலைப் பிடித்து மாட்டுவார். தொண்ணூறுக்கு மேல் காட்டினால் அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிடுவார். அதற்குக் கீழே போனால் வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. "இவரு எனக்குப் புருஷனா, இல்ல மீட்டர் பாக்க வந்தவரா?" என்று அக்கா கிண்டல் செய்வாள். ஆனால் விரலை நீட்டாமல் இருந்ததில்லை.

இன்வர்ட்டர் இருந்தது. அது அவள் மிஷினை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் பெட்ரோலில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிப் பின்பக்கச் சந்தில் தகரம் போட்டு வைத்தோம். அவசரத்துக்கு ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரும் வாங்கினோம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன்.

வைகாசிக் கோடை மழையில் ஒருநாள் காலையில் போன கரெண்ட் மதியம் தாண்டியும் வரவில்லை. ஜெனரேட்டரின் டேங்க் சின்னது. தீர்ந்து, இரண்டு முறை இருமி நின்றது. சூடாக இருக்கும் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது, ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பாவாவுக்கு நன்றாகவே தெரியும். அதற்குத்தானே சிலிண்டர் என்று போனால், அதைத் திறக்கும் சாவி மாட்டியிருந்த ஆணியில் இல்லை. அலமாரியைக் கவிழ்த்து, கட்டிலை இழுத்து, கடைசியில் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்தோம். அதற்குள் அக்காவின் உதடு நீலம் பூத்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேசுவதற்கு அவளிடம் காற்று இல்லை.

சாவி விஷயத்தை நான் அன்றைக்கே சரிசெய்தேன். ஒரு கயிறு கட்டி சிலிண்டரின் கழுத்திலேயே தொங்கவிட்டேன். என் கணக்கில் தொல்லை அத்தோடு முடிந்தது. பாவாவின் கணக்கு வேறாக இருந்தது. அவருக்குச் சாவி தொலைந்தது தெரியவில்லை, டேங்க் தீர்ந்ததுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் டேங்க்தான்.

பஜாரில் ஜெனரேட்டர் விற்கும் கடைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் சாவகாசமாகக் கேட்டார்.

"இன்னா லோடுங்க? எத்தினி நேரம் ஓடணும்?"

"ஒரு மிஷின், ஒரு ஃபேன். நிக்காம ஓடணும்."

"நிக்காமன்னா? ஒரு கணக்கு வேணும் இல்லீங்களா?"

"அவ மூச்சு விடற வரைக்கும் ஓடணும். அதான் கணக்கு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்தேன். டேங்க் பெரிதாக வேண்டுமென்றால் எஞ்சினும் பெரிதாக வாங்க வேண்டும், வீட்டுக்கு அது அதிகம் என்று அவர் சொன்னார். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஊற்ற முடியும் என்பதை வைத்துத்தான் டேங்க் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பாவாவுக்குப் பிடிக்காத வார்த்தை 'நிறுத்தி' என்பதுதான். எழுந்து வெளியே வந்துவிட்டார்.

வழி முழுக்க நான் சண்டை போட்டேன். எனக்கு வாய் அதிகம் என்று ஆபீசிலேயே பெயர். "பாவா, இன்னொரு சிலிண்டர் வாங்கிப் போட்டா தீந்துது. பெட்ரோல டேங்க் டேங்கா வீட்ல வெச்சிக்கினு நிம்மதியா இருக்க முடியுமா?" என்றேன்.

"உனுக்குத் தெரியாதும்மா. ஆடிக் கிருத்திகை வருது. அந்த நாள்ல ஒரு வண்டி ஊருக்குள்ள வர முடியுமா? பங்க்குக்குப் போவ முடியுமா? சிலிண்டர்காரன் வருவானா?"

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் கால் வைக்க இடமிருக்காது. சாலைகளை அடைத்துவிடுவார்கள். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குச் சொந்த வீட்டுக்குப் போவதே பெரும்பாடு. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆடி பிறப்பதற்கு முன்பே, வெல்டிங் பட்டறை ஒன்றில் சொல்லி இரும்புத் தகட்டில் டேங்க் ஒன்று செய்து கொண்டுவந்தார். கால் வைத்த ஸ்டாண்டில் அதை உயரத்தில் நிறுத்தி, ஒரு வால்வும் ரப்பர் குழாயும் வைத்து, பெட்ரோல் தானாகவே எஞ்சினுக்கு இறங்கும்படி செய்தார். பங்க்கில் கேனில் கொடுக்க மாட்டார்கள். தினமும் பைக்கில் ரொப்பிக்கொண்டு வந்து, டியூப் போட்டு உறிஞ்சி இறக்குவார். வாயைக் கொப்பளித்துக்கொண்டே டேங்கைத் தட்டிப் பார்ப்பார். பகலும் இரவும் ஓடினாலும் தீராது என்று கணக்குச் சொன்னார். அந்தச் சந்துப் பக்கம் போகும்போதெல்லாம் என் தோல் கூசியது. அடுப்பைப் பற்றவைக்கும்போது பின்கதவைச் சாத்தினேன். கற்பூரம் ஏற்றுவதைக்கூட நிறுத்திவிட்டேன். ஒரு நெருப்புப் பொறி போதும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் மூவருக்குமே அந்த ஒரு பயம்தான். வேறு பயத்துக்கு இடமே இல்லாமல் அது வீட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

கிருத்திகை அன்று தாலுகா ஆபீஸ் ஆட்களுக்கெல்லாம் டூட்டி. எனக்கு அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் பக்கம் போட்டிருந்தார்கள். விடிந்ததும் கிளம்பினேன். மஞ்சள் துணியும் பூக்காவடியுமாகச் சாலை நிறைந்திருந்தது. அக்கா அன்று தலை சீவிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். மலைக்குப் போக முடியாவிட்டாலும் கிருத்திகைக்கு அவள் பூ வைக்காமல் இருக்க மாட்டாள்.

காலை வெயில் ஏறியபோது பாவா போன் செய்தார். எங்கள் பக்கம் கரெண்ட் போய்விட்டதாம். தெரு முழுக்கப் போட்டிருந்த சீரியல் விளக்கும் மைக் செட்டும் சேர்ந்து டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் போக்கிவிட்டதாகப் பேசிக்கொண்டார்களாம்.

"ஜெனரேட்டர் போட்டீங்களா பாவா?"

"ஆங், ஓடிக்கினு கீது. ஆனா எடத்த மாத்திட்டேன். பக்கத்து காலி மனையில அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டிட்டாங்க. நம்ம சந்து செவுத்த ஒட்டி மூணு பெரிய அடுப்பு. வெறவு வெச்சி எரிக்கறாங்க. பெட்ரோல் டேங்க் இந்தப் பக்கம் நிக்குது, பொறி வந்து விழுந்தா இன்னா ஆவறது? அதான் அங்க வந்த ஆளுங்க ரெண்டு பேர கூப்பிட்டு, ஷட்டர் ரூமுக்குள்ள தூக்கி வெச்சிட்டேன்."

நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது எனக்கு. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, இரும்பு ஷட்டர். எந்தப் பொறியும் உள்ளே வராது. "நல்லதாப் போச்சு" என்றேன். அப்புறம் ஏதோ தோன்றி, "புகை வராதா?" என்று கேட்டேன்.

"அட, எங்க செட்ல எஞ்சின் எப்பவும் உள்ளதானம்மா ஓடும். இத்தினி வருஷத்துல ஒன்னும் ஆவல. அக்கா ரூம் கதவச் சாத்திதான் வெச்சிக்கிறேன். ஷட்டரும் பாதி தெறந்துதான் கீது."

அவர் பொய் சொல்லவில்லை. பொதட்டூர்பேட்டை செட்டை நானும் பார்த்திருக்கிறேன். ஓட்டுக் கூரை, ஓடுகளுக்கு இடையில் வானம் தெரியும். இரண்டு பக்கமும் கம்பி வலை. அங்கே எஞ்சின் எத்தனை வருஷம் ஓடினாலும் புகை தங்க வழியில்லை. திருத்தணி ஷட்டர் அறைக்கு ஜன்னலே கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அவரே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"உங்க அக்காளுக்கு இன்னிக்கு இன்னா நம்பர் தெரியுமா? தொண்ணூத்தாறு. முருகன் கண்ணத் தெறந்துட்டாரு."

"நிஜமாவா?"

"ரெண்டு தபா வெச்சிப் பாத்துட்டேன். தல வலிக்குதுன்னு சொல்றா. அது இந்த மைக் செட்டு சத்தத்துக்கு. எனுக்கும்தான் வலிக்குது."

"ஷட்டரு தெறந்துதான இருக்குது?"

"ஜனம் உள்ள வந்து உக்காருது. பீடி பத்த வெக்கறான் ஒருத்தன். அதான் எறக்கிட்டேன். நானு இங்கியே சேர் போட்டுக்கினு உக்காந்திருக்கேன். பெட்ரோல் ஆச்சே, காவலுக்கு ஆள் வேணும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பந்தலில் தள்ளுமுள்ளு. வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நிழலுக்கு இழுத்து வர வேண்டியிருந்தது. கையில் போன் அப்படியே இருக்க, பாவா பேசிக்கொண்டே இருந்தார். "சும்மா நானும் மாட்டிப் பாத்தேன். எனுக்கு தொண்ணூத்தொம்போது. எனுக்கு இன்னா கேடு, கல்லு மாதிரி கீறேன்" என்றார். அவருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. பின்னால் ஜெனரேட்டரின் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மதியம் நான் கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. அக்காவின் போனுக்குப் போட்டேன். வெகுநேரம் கழித்து எடுத்தாள். தூக்கத்திலிருந்து எழுந்தவள் குரல்.

"பாவா எங்கக்கா?"

"முன்னாடி கீறாரு. மிஷினு ஓடுது."

"கூப்பிடு அவர."

"கூப்டேன். வர்ல. சத்தத்துல கேக்கல போல. எனுக்கு எழுந்திருக்க முடியல. தல கனக்குது."

மிஷின் ஓடுகிறது என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் அந்த வீட்டில் நாங்கள் அத்தனை நாளும் பழகியிருந்தோம். அந்தப் பழக்கம் என்னை ஒரு நிமிஷம் நிற்க வைத்தது. அப்புறம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். மலையை நோக்கி வரும் கூட்டம் முழுவதும் எனக்கு எதிரே வந்தது. காவடியின் பூ முகத்தில் இடித்தது. அரோகரா என்ற சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. வழி விடுங்கள் என்று கெஞ்சினேன், திட்டினேன். யாரோ என் நெற்றியில் விபூதி பூசிவிட்டார்கள். அத்தனை ஜனம் சாமியைப் பார்க்கப் போகும்போது நான் மட்டும் எதைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தபடியே தோளால் இடித்து முன்னேறினேன்.

எங்கள் தெருவில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அன்னதானக்காரர் ஒருவர் கையில் கரண்டியோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, உங்க வூட்ல மட்டும் ஜெனரேட்டர் ஓடிக்கினே கீது? கரெண்ட் அப்பவே வந்துட்ச்சே."

நான் தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டு சீரியல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் ஜெனரேட்டரை இணைக்கும் சுவிட்சைக் கையால்தான் மாற்ற வேண்டும். யாராவது எழுந்து போய்ப் பார்த்தால்தான் கரெண்ட் வந்தது தெரியும். டேங்க் தீர்ந்து எஞ்சின் நின்றிருந்தால் பார்த்திருப்பார்கள். அது நிற்கவில்லை. நிற்காதபடிதானே செய்து வைத்திருந்தார்.

ஷட்டர் கைக்குச் சூடாக இருந்தது, அதிர்ந்துகொண்டிருந்தது. நானும் அன்னதானக்காரரும் சேர்ந்து தூக்கினோம். வெளியே வந்த காற்றில் கண் எரிந்தது. பாவா பிளாஸ்டிக் நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். காவலுக்கு உட்கார்ந்தவர் கண்ணயர்ந்துவிட்டார் என்றுதான் யாரும் சொல்வார்கள். முகம் நன்றாகச் சிவந்திருந்தது. நோய்நொடி இல்லாத மனுஷனுக்கு இருக்கும் சிவப்பு. நான் தோளைத் தொட்டதும் சரிந்தார்.

அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள். எஞ்சினை யாரோ நிறுத்தினார்கள். அக்காவின் அறைக்கு ஓடினேன். அவள் கட்டிலில் கண் செருகிக் கிடந்தாள், ஆனால் மூச்சு இருந்தது. அவளுடைய ஜன்னல் மலைப் பக்கம் திறந்திருந்தது, கதவு சாத்தியிருந்தது, மூக்கில் குழாய் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. அடைத்த சாலைகளில் ஆம்புலன்ஸ் வர நேரமாயிற்று. இரண்டு பேரையும் ஏற்றினார்கள். பாவாவுக்கு அவசரப்பட ஒன்றும் இல்லை என்று அதில் வந்தவர் முகத்திலேயே தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் நான் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். தொண்ணூத்தொன்பது என்று அவரே பார்த்துச் சொன்னாரே, அப்புறம் எப்படி என்று கேட்டேன். சின்ன வயது டாக்டர், பொறுமையாகச் சொன்னார். அந்தக் கருவி ரத்தத்தின் சிவப்பை வைத்துத்தான் கணக்குப் போடுகிறதாம். ஆக்ஸிஜன் ஏறினாலும் ரத்தம் சிவப்பு, எஞ்சின் புகையில் இருக்கும் விஷவாயு ஏறினாலும் சிவப்பு. அதற்கு இரண்டும் ஒன்றுதான். மணமும் இல்லாத, நிறமும் இல்லாத அந்த வாயு உள்ளே ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அவர் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

அக்கா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, வெல்டிங் பட்டறைக்குச் சொல்லி எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். பட்டறை ஆள் வந்து ஷட்டர் அறை வாசலில் நின்றபோது அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

"ஜெனரேட்டர எடுக்காத. எனுக்கு வேணும்."

"அது மூஞ்சில முழிக்க முடியலக்கா எனக்கு."

"எனுக்கு மட்டும் முடியுதா? கரெண்ட் போனா நான் இன்னா பண்ணுவேன்?"

உயிரோடு இருக்க வேண்டும் என்று அவள் சொன்னது எனக்கு முதலில் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது.

"அந்தப் பெரிய டேங்க மட்டும் கழட்டிக்கினு போவச் சொல்லு" என்றாள்.

"பழைய டேங்க் சின்னதுக்கா. அடிக்கடி நின்னு போவும்."

"நிக்கட்டும். நின்னாதான் ஒருத்தர் எழுந்து போய் பாக்க முடியும்."

டேங்க் போயிற்று. ஜெனரேட்டர் இப்போது மொட்டை மாடியில், திறந்த வெளியில் இருக்கிறது. கரெண்ட் போனால் நான் மேலே ஏறிப் போட்டுவிட்டு, அது நிற்கும்வரை அங்கேயே இருப்பேன். கீழே மைக் செட்டோ மழையோ எது இருந்தாலும் அக்கா கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, இருக்கிற கொஞ்சம் காற்றையும் செலவு செய்து, அறையிலிருந்து என்னைக் கூப்பிடுகிறாள். பேசாமல் படு, மூச்சு வாங்கும் என்று எத்தனையோ முறை திட்டிவிட்டேன். கேட்பதில்லை. நான் பதில் சொல்லத் தாமதித்தால் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி மாடிப்படி வரைக்கும் வந்துவிடுகிறாள்.

"இருக்கியா?"

"இருக்கேன்க்கா."